முதுகெலும்பு நசுங்கிவிட்டது என்கிறார்கள்: மூன்று மாதம் படுத்தே இருக்க வேண்டுமா?

பிரிவு: முதியோர் உடல்நலம்

1. நிழல்மரம்

அம்மாவுக்கு 74 வயது. போன வாரம் தரையில் இருந்த துணிக்கூடையைக் குனிந்து தூக்கியபோது முதுகில் 'சுருக்'கென்று பிடித்தது. கீழே விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. பிடிப்புதான், இரண்டு நாளில் விட்டுவிடும் என்று இருந்தோம். விடவில்லை. படுத்தால் பரவாயில்லை; எழுந்து உட்கார முயன்றால் அலறுகிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எல்-1, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு, நசுங்கியிருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதம் முழு ஓய்வு, இடுப்பில் பெல்ட், வலி மாத்திரை, கால்சியம். சொன்னது அவ்வளவுதான். "வயதானால் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை உபரியாக.

வீட்டில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடினேன். இருமலுக்காக முன்பு எடுத்த மார்பு எக்ஸ்ரே ஒன்று கிடைத்தது. நுரையீரல் நன்றாக இருப்பதாக மேலே எழுதியிருக்கிறது. ஆனால் கடைசி வரியில் "டி-8 முள்ளெலும்பின் முன்பக்க உயரம் குறைந்துள்ளது" என்று ஒரு குறிப்பு. அப்போது யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கேள்விகள்: உண்மையிலேயே மூன்று மாதம் படுக்கையா? சொந்தத்தில் ஒருவர் முறிந்த எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் வைத்தால் உடனே சரியாகிவிடும் என்கிறார், அது தேவையா? அந்த டி-8 வரிக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

2. வார்டு ரவுண்ட்ஸ்

எலும்பு மருத்துவத்தில் வெகு காலம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மாவை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், இருப்பதிலேயே முக்கியமானது அதுதான். டி-8, அதாவது மார்புப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு, அன்றே நசுங்கியிருந்தால், இப்போது வந்திருப்பது இரண்டாவது முறிவு. முள்ளெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. "கொஞ்ச நாள் முதுகு வலித்தது, அப்புறம் போய்விட்டது" என்று மறந்துவிடுவார்கள். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அது தெரியும். எடுத்தவர் நுரையீரலைத் தேடுகிறார், வாங்கிப் பார்ப்பவரும் நுரையீரலைத்தான் தேடுகிறார்; கடைசி வரி அனாதையாகக் கிடக்கும்.

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், ஒரு முள்ளெலும்பு முறிந்தால் அடுத்தது முறியும் ஆபத்து ஏறுகிறது, அதுவும் சீக்கிரமே. 2001-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், புதிதாக முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிந்தது. ஆகவே வலியை அடக்குவது பாதி வேலைதான். அடுத்தது முறியாமல் தடுக்க எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது) மருந்து தொடங்க வேண்டும். உங்களுக்குச் சொன்ன பட்டியலில் அது இல்லை. வெறும் கால்சியம் அந்த மருந்துக்கு மாற்று ஆகாது.

இனி, என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். முள்ளெலும்பின் முன்பகுதி, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு நிறைந்த ஓர் உருளை. வயதில் அந்தப் பஞ்செலும்பின் குறுக்குக் கம்பிகள் மெலிந்து அறுந்து போகின்றன. குனிந்து பாரம் தூக்கும்போது சுமை முழுவதும் முன்விளிம்பில் இறங்குகிறது. முன்பக்கம் மட்டும் நசுங்கிய அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். பின்சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்பதால் தண்டுவடத்துக்கு ஆபத்து வருவது குறைவு. டி-12, எல்-1 இரண்டும் அடிக்கடி முறிகிற இடங்கள். விலா எலும்புகள் பிடித்திருக்கும் விறைப்பான பகுதியும் வளைகிற இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடம் அது. அதற்கு அடுத்தபடி நடு மார்பு, டி-7, டி-8. உங்கள் அம்மாவின் இரண்டுமே அந்த வழக்கத்துக்குள் வருகின்றன.

மூன்று மாதப் படுக்கை என்பது பழைய காலத்துப் பழக்கம். 2007-இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயில்லாதவர்களுக்கே அந்தக் கதி. படுக்கையில் எலும்பும் கரையும். புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரிசையில் நிற்கும். வலி கடுமையாக இருக்கும் முதல் சில நாட்கள் படுக்கட்டும். பிறகு, வலி மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார வைத்து நிற்க வைக்க வேண்டும்.

3. கேள்விக்குறி

டாக்டர் சார், தப்பாக நினைக்காதீர்கள். கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாதே என்கிறீர்கள். முதுகெலும்பு முறிந்தவரை மட்டும் நட என்றால் எப்படி? இன்னும் நசுங்கிவிடாதா?

4. வார்டு ரவுண்ட்ஸ்

நியாயமான கேள்வி. கால் எலும்பு முறிந்தால் இரண்டு துண்டாகி விலகும். அதை நேராகப் பிடித்து வைக்கத்தான் கட்டு. இங்கே எலும்பு தனக்குள்ளேயே இறங்கி இறுகிவிடுகிறது, துண்டு விலகுவதில்லை. முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் உயரம் குறையக்கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் எழுந்து நடக்கச் சொன்னாலும், குனியவும் தூக்கவும் கூடாது என்கிறோம். நின்று நடப்பதைவிடக் கூன்போட்டு உட்காருவது அந்த எலும்புக்கு அதிகக் கேடு.

பின்சுவரும் உடைந்து தண்டுவடத்தின் பக்கம் தள்ளியிருந்தால், அல்லது காலில் பலம் குறைந்தால் இதெல்லாம் பொருந்தாது. அதைப் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

5. பிசியோ அக்கா

நிழல்மரம், "எழுந்து உட்கார முயன்றால் அலறுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி எழுப்புகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் இரண்டு கையையும் பிடித்து நேராகத் தூக்குவார்கள், அல்லது கழுத்துக்குக் கீழே கைகொடுத்து நிமிர்த்துவார்கள். இரண்டிலும் முதுகு முன்பக்கம் மடங்குகிறது. முறிந்த இடத்தையே மடக்கித் தூக்குகிறீர்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதம் மெத்தையில் ஊன்றட்டும். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்ப வேண்டும். தோள் முதலில் போய் இடுப்பு பின்னால் வந்தால் முதுகு முறுக்கிக்கொள்ளும். ஒருக்களித்த பிறகு படுக்கையின் விளிம்புக்கு வரட்டும். பாதங்களை விளிம்புக்கு வெளியே தொங்கவிடட்டும். கால் கீழே இறங்குகிற அதே நேரத்தில் அடியில் இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் மெத்தையில் அழுத்தினால் உடம்பு பக்கவாட்டில் எழும். நீங்கள் தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்தால் போதும், இழுக்கக் கூடாது. உட்கார்ந்ததும் உடனே நிற்க வைக்காதீர்கள். தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். படுக்கும்போது இதையே தலைகீழாக.

நாற்காலி உயரமாக இருக்கட்டும், கைப்பிடி கட்டாயம். சோபாவில் உட்கார வைக்காதீர்கள், உள்ளே புதைந்துவிடுவார்கள். முதலில் ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், ஆனால் ஒரு நாளைக்குப் பல தடவை.

பெல்ட் போட்டால் நிமிர்ந்து நிற்க ஒரு தைரியம் வருகிறது, வலியும் சிலருக்குக் குறைகிறது. ஆனால் அது முறிவை ஆற்றும் என்பதற்குச் சான்று பலவீனம். எழுந்து நடமாடும்போது மட்டும் போட்டு, சில வாரங்களில் விட்டுவிடுவது நல்லது. மாதக்கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தால் முதுகுத் தசை சோம்பிப் போகும்.

இன்னொன்று. இரண்டு மாதம் கழித்து யாராவது "முதுகு நன்றாக வளையட்டும்" என்று கால்விரலைத் தொடும் பயிற்சி கொடுத்தால் மறுத்துவிடுங்கள். 1984-இல் மேயோ கிளினிக்கில் எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முன்பக்கம் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கும், முதுகைப் பின்பக்கம் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கும் புதிய முறிவுகள் காணப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரிது. எங்களுக்கு இன்றும் அது பாடம்.

6. கைத்தடி

தம்பி நிழல்மரம், எனக்கு 78 வயது. முறிந்த முள்ளெலும்பு மூன்று வைத்திருக்கிறேன், அதனால் பேச உரிமை உண்டு.

இது பெண்களுக்கு வருவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைப் பார்த்த முதல் டாக்டரும் அப்படித்தான் நினைத்தார் போல. மூச்சிரைப்புக்குப் பல வருடம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவன் நான். அந்த மாத்திரை எலும்பைத் தின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. உயரம் குறைந்ததை நான் கண்டுபிடித்தது சட்டையால்தான். முன்பக்க விளிம்பு தொங்கும், பின்பக்கம் மேலே ஏறி நிற்கும். தையல்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவர் அளவு சரியாகத்தான் எடுத்திருந்தார்.

கூன் விழுந்தால் முதுகு மட்டும் கெடுவதில்லை. உட்கார்ந்தால் கடைசி விலா எலும்பு இடுப்பு எலும்பில் இடிக்கிறது. வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், தொப்பை என்று கிண்டல் செய்வார்கள். குடலுக்கும் இரைப்பைக்கும் இடமில்லை; நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துவிடும், எதுக்களிக்கும். ஏற்கெனவே மூச்சிரைப்பு, இதில் நெஞ்சுக்கூடு வேறு சுருங்கிவிட்டது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டால் "பசியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

7. வார்டு ரவுண்ட்ஸ்

கைத்தடி ஐயா சொன்ன சட்டை விஷயத்தை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அல்லது முறையாக அளந்து வரும்போது 2 சென்டிமீட்டர் குறைந்தால், முதுகுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்கள் எலும்பைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஹார்மோனை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் அப்படியே.

8. மழைக்கோடு

சிமெண்ட் பற்றி யாருமே பதில் சொல்லவில்லையே? என் மாமியாருக்குச் செய்தார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். சும்மா பயமுறுத்தாதீர்கள்.

9. வார்டு ரவுண்ட்ஸ்

மாமியார் நடந்தது மகிழ்ச்சி. அதே மாதிரி நடந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், ஊசி குத்தி சிமெண்ட் வைக்காமல் வைத்ததுபோல் நடித்தாலும் பலர் நடந்தார்கள். 2009-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வந்தன. ஒரு குழுவுக்கு உண்மையான சிமெண்ட். இன்னொரு குழுவுக்கு மரத்துப்போகும் மருந்தும் சிமெண்ட் வாசனையும் மட்டும். இரண்டு குழுவிலும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. 2018-இல் வந்த வெர்டோஸ்-4 ஆய்விலும் அதே முடிவு. மறுபக்கம், 2016-இல் வந்த வேப்பர் ஆய்வில், முறிந்து ஆறு வாரத்துக்குள், வலி மிகக் கடுமையாக இருந்தவர்களுக்குப் பலன் தெரிந்தது.

அதனால் என் கருத்து: எல்லோருக்கும் முதல் நாளே வேண்டாம். பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வலி தானாகவே நன்கு இறங்கிவிடும். சரியான வலி மருந்து கொடுத்தும் எழவே முடியாமல் கிடப்பவர், எம்ஆர்ஐயில் முறிவு புதிது என்று உறுதியானவர், இவர்களுக்கு யோசிக்கலாம். பழைய முறிவுக்குள் சிமெண்ட் வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சிமெண்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் எலும்பு மருந்து வேண்டும். உங்கள் மாமியாருக்கு அது தொடங்கினார்களா?

10. மழைக்கோடு

இல்லை. கால்சியம் மட்டும்தான். கேட்கிறேன்.

11. பழைய நர்ஸ்

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு நாலு வார்த்தை. வலிக்கு டிராமடால் வகை மாத்திரை எழுதியிருந்தால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாம் நாள் முக்கும்போது முதுகில் வருகிற வலி, முறிந்த அன்று வந்ததைவிட மோசம். பாராசிட்டமாலை வலி வந்த பிறகு கொடுக்காமல், மருத்துவர் சொன்ன அளவில் நேரம் வைத்துக் கொடுத்தால் பலமான மாத்திரை குறைவாகவே போதும். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், வயதானவர்களின் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் இதயத்துக்கும் ஆகாது.

இரவில் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாததை இருப்பதாகச் சொல்வது வந்தால் "புத்தி தடுமாறிவிட்டது" என்று அழாதீர்கள். பல நேரம் மாத்திரைதான் காரணம். சில நேரம் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு. உடனே சொல்லுங்கள்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது அறியாமல் போனால், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனால், கால் துவண்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அது நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே, அப்போதே அவசரப் பிரிவு.

12. வார்டு ரவுண்ட்ஸ்

அதோடு ஒன்று சேர்க்கிறேன். நசுங்கிய எலும்பெல்லாம் தேய்மானம் இல்லை. படுத்தாலும் குறையாத வலி, இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவு, முன்பு எப்போதோ வந்த புற்றுநோய், டி-5-க்கு மேலே வந்த முறிவு, இதெல்லாம் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பரவிய புற்றுநோய், மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்), எலும்புக் காசநோய். ரத்தசோகையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் மைலோமாவுக்கு ரத்தப் புரதப் பரிசோதனை கேட்பேன். தைராய்டு, பாராதைராய்டு, வைட்டமின் டி, கிரியாட்டினின் எல்லாம் ஒரே ரத்தம் எடுப்பில் முடிகிற வேலை.

13. நிழல்மரம்

எல்லோருக்கும் நன்றி. வேறு ஒரு மருத்துவரிடம் காட்டினோம், பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போனேன். எம்ஆர்ஐயில் எல்-1-இல் நீர்கோத்திருப்பது தெரிகிறது, புதிய முறிவு. டி-8 பழையது, ஆறிவிட்டது என்றார். தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு, மற்றவை சரி. பிசியோ அக்கா சொன்ன மாதிரி ஒருக்களித்து எழுப்பினோம். முதல் தடவை முகத்தைச் சுளித்தார், அலறவில்லை. இப்போது குளியலறை வரை வாக்கர் வைத்து நடக்கிறார்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்தோம். இடுப்பு முதுகில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 1.6, தொடை எலும்புக் கழுத்தில் மைனஸ் 2.9. முதுகில்தானே முறிந்தது, முதுகு நன்றாக இருக்கிறது என்று வருகிறதே? அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டு மருந்தே வேண்டாம் என்கிறான்.

14. வார்டு ரவுண்ட்ஸ்

அண்ணனிடம் சொல்லுங்கள்: டெக்ஸா கருவி எலும்பில் எவ்வளவு தாதுப்பொருள் இருக்கிறது என்று நிழலை வைத்து அளக்கிறது. நசுங்கிய எலும்பில் அதே தாது சிறிய இடத்தில் அடைந்திருப்பதால் அடர்த்தி அதிகம் போலக் காட்டும். வயதானவர்களின் இடுப்பு முதுகில் முளைத்திருக்கும் எலும்புத் துருத்தல்களும், முன்னால் போகும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் இந்த வயதில் தொடை எலும்பின் அளவுதான் நம்பகமானது. எலும்புத் தேய்மானத்துக்கு 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கோடு மைனஸ் 2.5. அம்மா அதற்குக் கீழே இருக்கிறார்.

அதைவிட முக்கியம்: ஸ்கேனில் எந்த எண் வந்தாலும், துணிக்கூடையைத் தூக்கி ஒரு முள்ளெலும்பு முறிந்திருக்கிறது, வேறு நோயும் இல்லை. எலும்புத் தேய்மானம் என்று சொல்ல அதுவே போதும்.

15. கேள்விக்குறி

வைட்டமின் டி குறைவு என்கிறார்களே, அதைப் பெரிய டோஸாக ஒரே ஊசியில் ஏற்றிவிட்டால் எலும்பு தேறிவிடாதா? எதற்கு வேறு மருந்து?

16. வார்டு ரவுண்ட்ஸ்

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வு 2010-இல் வந்தது. விழுவதும் முறிவதும் குறையவில்லை, அதிகமாயின. குறைபாடு இருந்தால் தினமோ வாரமோ அளவாகக் கொடுத்து நிரப்ப வேண்டும். எலும்பு மருந்து தொடங்கும் முன் நிரப்பாவிட்டால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். அஸ்திவாரத்துக்கு அது வேண்டும். அது மட்டும் போதாது.

17. வெள்ளைப்பலகை

இழையை இப்போதுதான் படித்தேன். மருந்து பற்றிப் பேச்சு வந்ததால் என் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டு வந்தார்கள். ஸ்கேனில் எண் நன்றாக ஏறியது. நாங்கள் காட்டிய இடத்தில் "இனி போதும், எலும்பு நன்றாக இருக்கிறது" என்று நிறுத்திவிட்டார்கள். வேறு மருந்து எதுவும் தரவில்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஊசியை நிறுத்தினால் இப்படி ஆகும் என்று பிறகுதான் தெரிந்தது. யாரையும் திட்டி என்ன பயன், ஆனால் இது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

18. வார்டு ரவுண்ட்ஸ்

தெரிந்தே ஆக வேண்டிய விஷயம். டெனோசுமாப் எலும்பைத் தின்னும் செல்களைக் கட்டிப்போடுகிறது. அடுத்த ஊசி தவறினால் அவை மொத்தமாக அவிழ்ந்து கிளம்பும். ஏறிய அடர்த்தி முழுவதும் வேகமாகக் கரையும். தவணை தள்ளவே கூடாது. நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அதன் இடத்தில் ஜோலெட்ரானிக் அமிலம் மாதிரி வேறொன்றை வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போக முடியாத வீட்டுக்கு இந்த மருந்தை எழுத நான் தயங்குவேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில், அதன்பின் அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும்; படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். உட்காரவே முடியாத நிலையில் அதைத் தொடங்கக் கூடாது. ஜோலெட்ரானிக் அமிலம் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். முதல் தடவை ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரும், பயப்பட வேண்டாம். 2007-இல் வந்த பெரிய ஆய்வில் மூன்று ஆண்டில் முள்ளெலும்பு முறிவை 70 சதவீதம் குறைத்தது.

இவை எல்லாம் எலும்பு கரைவதைத் தடுப்பவை. எலும்பைக் கட்டும் மருந்துகளும் உண்டு. டெரிபாராடைட் தினமும் தோலுக்கடியில் போடும் ஊசி, வழக்கமாக இரண்டு ஆண்டு வரை. 2018-இல் வந்த ஆய்வில், ஏற்கெனவே முள்ளெலும்பு முறிந்த பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். எலும்பு கரைவதைத் தடுக்கும் ரிசெட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு. டெரிபாராடைட் எடுத்தவர்களில் 5.4 சதவீதம். ரோமோசோசுமாப் மாதம் ஒருமுறை, ஓராண்டு; மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்தவர்களுக்குக் கூடாது. இரண்டு முறிவு, அதில் ஒன்று இப்போதுதான் என்றால், முதலில் கட்டும் மருந்து, பிறகு காக்கும் மருந்து என்ற வரிசையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கட்டியதோடு விட்டுவிட்டால் கட்டியது கரைந்துவிடும்.

19. மழைக்கோடு

தாடை எலும்பு அழுகிவிடும் என்று படித்தேன். அதைப் பார்த்துத்தான் மாமியார் வேண்டாம் என்கிறார்.

20. வார்டு ரவுண்ட்ஸ்

உண்டு, ஆனால் எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அளவில் மிக அரிது. புற்றுநோய்க்கு இதே மருந்துகளைப் பல மடங்கு கொடுக்கும்போதுதான் அதிகம் பார்க்கிறோம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துக்கொள்ளலாம். இன்னொரு அரிய விளைவு தொடை எலும்பில் வரும் வித்தியாசமான முறிவு. பல ஆண்டு எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே தொடையில் வலி இருக்கும், அப்போது சொல்ல வேண்டும். மாமியாருக்கு இந்த இரண்டு அரிய ஆபத்துகளைச் சொல்லும்போது, ஓராண்டுக்குள் அடுத்தது முறிவது ஐந்தில் ஒருவருக்கு என்று மேலே எழுதினேனே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் அவரே முடிவு செய்யட்டும்.

21. பழைய நர்ஸ்

விழுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா விழாமலே முறிந்தது சரி, அடுத்தது விழுந்து முறியலாம். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இரவு நேரத்தில் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, இந்த மூன்றின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி எதைக் குறைக்கலாம், எதை எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் ரத்த அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் கீழ்ப்பாதி படிக்க, மேல்பாதி தூரத்துக்கு என்று இருந்தால் படி இறங்கும்போது கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும்.

பெரியவர் விழுந்து நெற்றியில் அடிபட்டு, "கழுத்து கொஞ்சம் பிடிக்கிறது" என்றால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். கழுத்தின் இரண்டாவது எலும்பில் இருக்கும் பல் போன்ற பகுதி, நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே இந்த வயதில் முறியும். எக்ஸ்ரேயில் தப்பிவிடும், சிடி வேண்டும்.

22. கைத்தடி

கண்ணாடி விஷயம் உண்மை. நான் நடக்கத் தனிக் கண்ணாடி வைத்திருக்கிறேன், படிக்கத் தனி. மாற்றி மாட்டிக்கொண்டு செய்தித்தாளைத் தேடுவது வேறு கதை.

23. நிழல்மரம்

அண்ணன் ஒத்துக்கொண்டான். பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு மருந்து தொடங்கப் போகிறோம், எது என்று அடுத்த சந்திப்பில் முடிவாகும். வரிசை பற்றிய கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். பிசியோ அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இருமும்போதும் தும்மும்போதும் அம்மா பயந்து மூச்சை அடக்கிக்கொள்கிறார். என்ன செய்யச் சொல்வது? அப்புறம் பேத்தியைத் தூக்கலாமா என்று தினமும் கேட்கிறார், குழந்தைக்கு இரண்டு வயது.

24. பிசியோ அக்கா

மூச்சை அடக்க வேண்டாம், சளி தேங்கிவிடும். தும்மல் வருவது தெரிந்ததும் ஒரு கையை மேசையிலோ சுவரிலோ ஊன்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கட்டும். படுத்திருந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். முன்னால் குனிந்து தும்முவதுதான் கூடாது.

பேத்தியைத் தரையிலிருந்து தூக்குவது இப்போது மட்டுமல்ல, இனிமேலும் வேண்டாம். அம்மா கைப்பிடி நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்கார்ந்த பிறகு நீங்கள் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மடியில் வைப்பதை ஆறு வாரம் கழித்து, வலியைப் பார்த்துச் சொல்கிறேன். கீழே விழுந்த பொருளை எடுக்க நீளமான இடுக்கி கிடைக்கும், அதை இன்றே வாங்கிவிடுங்கள். துணிக்கூடையை மேசை உயரத்துக்கு ஏற்றி வையுங்கள்.